சுவருக்குள் போகும் ஒயரை முதலில் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஹாலில் ஒரு ஆம்ப்ளிஃபயர், அறைக்கு அறை ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் சுவருக்குள். இப்படி ஒரு ஏற்பாடு செய்ய நம் குடியிருப்பில் சிலர் யோசித்து வருகிறீர்கள். நான் எலக்ட்ரீஷியன் இல்லை, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு முறை ஏமாந்தவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

என் தாயாரால் ஹாலுக்கு நடந்து வர முடியாது. பின் அறையில் படுத்தபடியே தேவாரம் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் வைத்தோம். ஸ்பீக்கரையும் ஆம்ப்ளியையும் பத்துக் கடை ஏறிப் பார்த்து வாங்கினேன். ஒயரை மட்டும் "ஏதாவது நல்லதாகப் போடுங்கள்" என்று விட்டுவிட்டேன். ஒரு வருஷத்துக்குள் கரகரப்பு வந்தது. கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏற்றும் நேரடி ஒலிபரப்பின் நடுவே பின் அறையில் சத்தம் அடியோடு நின்றது. மறுநாள் ஹால் ஸ்பீக்கரை அங்கே மாட்டிப் பார்த்தோம். அதிலும் சத்தம் இல்லை. பெயின்ட் அடித்த சுவரை உடைத்த பிறகுதான் தெரிந்தது, ஒயர் செம்பு இல்லை. மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். அதிலும் சுவருக்குள் ஒரு இடத்தில் முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு கெட்டுப் போயிருந்தது.

ஸ்பீக்கரை நாளைக்கே மாற்றலாம். சுவருக்குள் போன ஒயரைச் சுவரை உடைக்காமல் மாற்ற முடியாது. ஆகவே முதல் கவனம் ஒயருக்கு.

முதலில் கனம். கோயில் விழாவில் மெல்லிய ஒயர் வெகுதூரம் போகிறதே, வீட்டுக்கு எதற்குக் கனமான ஒயர் என்று கேட்பீர்கள். அங்கே 100 வோல்ட் லைன் முறை, ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வோல்டேஜ் கூடினால் கரண்ட் குறையும், ஒயரில் இழப்பும் குறையும். மின்வாரியம் உயர் அழுத்தக் கம்பியில் மின்சாரம் அனுப்புவதும் இதற்காகத்தான். வீட்டு ஆம்ப்ளியில் வோல்டேஜ் குறைவு, அதனால் ஒயர் கனமாக இருக்க வேண்டும்.

ஒயரின் மின்தடை, ஸ்பீக்கர் ஓம்ஸில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. அதன்படி 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் 15 மீட்டர் வரை போதும். 2.5 ஸ்கொயர் எம்எம் 25 மீட்டர் வரை தாங்கும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் இந்த நீளத்தில் பாதிதான். ஒயர் சுவரில் ஏறி, சீலிங் ஓரமாகப் போய், மறுபடி இறங்கும். அந்த வழியை டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் 2.5 போடுங்கள்.

இரண்டாவது, சுத்தச் செம்பு. செம்புப் பூச்சு அலுமினியத்தில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கவுண்டரில் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல இதையும் பாருங்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். எடையும் காட்டிக் கொடுக்கும். இரண்டு கோர், 1.5 ஸ்கொயர் எம்எம், 100 மீட்டர் காயிலில் செம்பு மட்டுமே சுமார் 2.7 கிலோ இருக்க வேண்டும். மேலுறையோடு சேர்த்தே அதற்கும் குறைந்தால் அது செம்பு இல்லை, அல்லது சொன்ன கனம் இல்லை.

"ஆடியோ ஸ்பெஷல்" என்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஐஎஸ் 694 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ள இரண்டு கோர் செம்பு ஃபிளெக்சிபிள் ஒயர் வீட்டுக்குத் தாராளம்.

மூன்றாவது, நெருப்பு. ஸ்பீக்கர் ஒயரில் தீப்பிடிப்பது அபூர்வம். ஆனால் வேறெங்காவது பிடித்த தீ, ஒயரின் உறை வழியாக அறைக்கு அறை பரவும். புகையும் பரவும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் நமக்கு இது முக்கியம். எஃப்ஆர்எல்எஸ் வகை கேளுங்கள். எச்எஃப்எஃப்ஆர் கிடைத்தால் இன்னும் நல்லது, புகை குறைவு.

இனி வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை.

ஒவ்வொரு அறைக்கும் ஆம்ப்ளியிலிருந்து தனி ஒயர் போகட்டும். நடுவில் ஒட்டு கூடவே கூடாது.

கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள். தனி பைப், தனி பெட்டி. இரண்டும் பக்கத்தில் ஓடினால் ஒரு அடி இடைவெளி விடுங்கள். குறுக்கிட்டால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும். இரண்டு முனையிலும் "ஸ்பீக்கர்" என்று சீட்டு ஒட்டுங்கள். நாளை வரும் எலக்ட்ரீஷியன் அதில் 230 வோல்ட் கொடுத்துவிடக் கூடாது.

அதே தடத்தில் ஒரு கேட்-6 கேபிளும், இழுகம்பி போட்ட காலி பைப் ஒன்றும் இருக்கட்டும். பிற்காலத்தில் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

தூணையும் பீமையும் வெட்டவே வெட்டாதீர்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் கை வைக்கும் முன் சங்கத்திடம் கேளுங்கள்.

பூசுவதற்கு முன், சுவர் மேல் டேப்பை நீட்டி வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டைக் கேளுங்கள். கேட்ட பிறகுதான் கொத்தனாருக்குப் பூசச் சொல்ல வேண்டும். நான் செய்யத் தவறியது இதைத்தான். அந்த ஒரு மணி நேரச் சோதனையை அன்றைக்குச் செய்திருந்தால், ஒயர் முனையைச் சீவும்போதே அலுமினியம் கண்ணில் பட்டிருக்கும்.

இப்போது பின் அறையில் 2.5 செம்பு ஓடுகிறது. அம்மா காலையில் கேட்கிறார், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான்தான் கெஞ்சுகிறேன். இரவு 10 மணிக்கு மேல் நாம் எல்லோருமே குறைத்துக் கொள்வோம். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது.