கடமை பிள்ளைக்கு, செலவு யாருக்கு?



2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிடலாகாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகின்றது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பிள்ளையிடமிருந்து பணம் பெறவும் அதில் வழியுண்டு. நல்ல சட்டமே, அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால், கைவிடாத பிள்ளையின் கையில் அச்சட்டம் வைத்தது என்ன? ஒரு சதமும் இல்லை.

பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனைச் சில மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிடின் படுக்கைப் புண் வரும். இங்கு வந்துள்ள வைத்தியர்கள் இதனை அறிவார்கள். புரட்டுபவர் யார்? பெரும்பாலும் மகள், அல்லது மருமகள். அவள் உத்தியோகத்திலிருந்தால் வேலையை விடுகின்றாள். கமக்காரர் வீடாயின், வெங்காய நடுகைக்கு அவளுக்குப் பதிலாகக் கூலியாள் பிடிக்கவேண்டும். அக்கூலி தோட்டக் கணக்கிலே ஏறுகின்றது; நோயாளியின் கணக்கில் அதனை எவரும் எழுதுவதில்லை. கனடாவிலிருந்து அண்ணன் பணம் அனுப்புகின்றான், நன்று. அப்பணம் மருந்து வாங்கும். நள்ளிரவில் எழுந்து தூக்கிவிடாது.

“பெற்றோரைப் பார்ப்பது எமது பண்பாடு, அதற்கு அரசிடம் கைநீட்டுவதா?” என்று முகஞ்சுளிப்போர் உளர். பிரித்தானியாவில் 1976இல் பராமரிப்போருக்கு உதவிப்பணம் வந்தபோது, மணமான பெண்ணுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. அவள் எப்படியும் வீட்டிலேதானே இருப்பாள் என்பது அன்றைய நியாயம். தாயைப் பார்க்க வேலையைத் துறந்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி வழக்காடினார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பண்பாட்டின் பெயரால் நம்மவர் பேசுவதும் அந்தப் பழைய நியாயமே.

யேர்மனி 1995இல் பராமரிப்புக் காப்புறுதியை ஆரம்பித்தது. வீட்டில் வைத்துப் பார்க்கும் உறவினருக்கு ஓய்வூதியச் சந்தாவைக்கூட அந்நிதி செலுத்துகின்றது. யப்பான் 2000இல் தொடங்கிய திட்டத்தில் 40 வயதைக் கடந்தோர் சந்தா கட்டுகின்றனர். ஏறத்தாழ மறுபாதி பொதுப்பணம். அவை செல்வ நாடுகள் என்பீர்கள். உண்மை. ஆனாலும் நாம் அங்கு பார்க்கவேண்டியது தொகையை அன்று, ஒதுக்கப்பட்ட நிதியையே. நிதி உறுதியில்லாத திட்டத்தின் கதியை நமது கமக்காரர் அறிவர். 1987இல் வந்த விவசாயிகள் ஓய்வூதியம் நிதி வற்றி இடையில் நின்றதே!

இங்கு 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் வறிய முதியோரின் மாதக் கொடுப்பனவை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தியது. வரவேற்கின்றோம். அது முதியவருக்கானது, அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுபவருக்கானது அன்று.

வலுவிழந்தோர் நலன் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். 2013இல் நாம் தெரிந்த வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதிகாரம் ஆளுநரிடம் போயிற்று. கணக்குக் கேட்க நமக்கொரு சபையில்லாமற் போனதன் விலையை நோயாளியின் கட்டிலருகே நிற்பவளும் கொடுத்தாள்.

ஆகவே, பராமரிப்பவர் பெயரிலேயே மாதக் கொடுப்பனவு வேண்டுமென்கின்றோம். பிரதேச செயலகந்தோறும் பயிற்றப்பட்ட உதவியாளர் வேண்டும். வாரத்தில் ஒரு பகலாவது அவள் கோயிலுக்கோ சந்தைக்கோ போய்வரட்டும். இவற்றுக்கான தொகை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் நிற்கவேண்டும். மனு வாயிலிலே வைக்கப்பட்டுள்ளது. கையொப்பமிடும்போது, உங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்பவரின் பெயரையும் வயதையும், அவர் விட்ட தொழிலையும் பக்கத்தில் எழுதுங்கள்.