குடிமதிப்பும் வார்டு எல்லையும்



பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்த பின் வருவது சந்தாபுரா. தொழிற்சாலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல அங்கே ஆண்டுக் கணக்கில் வசிக்கின்றன. அவர்களிடம், "உங்கள் ஊர் எது?" என்று வினவினால், வாடகை கொடுத்து வாழும் ஊரைச் சொல்லமாட்டார்கள், பொங்கலுக்குப் போய்வரும் ஊரையே சொல்வார்கள். உறவினர் கேட்டால் இவ்விடை பொருத்தமே. குடிமதிப்பு எடுக்க வரும் சிப்பந்தி கேட்டால் பொருத்தமன்று. ஏன் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நகரசபைகளைப் பற்றிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. நகரத்தை வார்டுகளாகப் பிரித்து, மக்கள் நேரே அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் விதி. வார்டுகள் ஜனத்தொகையில் ஏறக்குறைய ஒத்திருப்பதே முறை. ஜனத்தொகை என்பது எது? கடைசியாக நடந்து, கணக்கு வெளியிடப்பட்ட குடிமதிப்பில் கண்ட தொகைதான். கண்ணெதிரே ஓராயிரம் புதிய வீடுகள் எழுந்திருக்கலாம். அடுத்த குடிமதிப்பு வரும்வரை எல்லை வகுக்கும் அதிகாரியின் ஏட்டில் அவற்றுக்கு இடமில்லை.

அடுத்த குடிமதிப்போ 2021-இல் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. 2027 மார்ச் முதல் தேதியை ஆதாரமாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 ஜூனில் மத்திய சர்க்கார் அறிவித்தது. இடைக்காலத்தில் நேர்ந்ததைப் பெங்களூரிலேயே காணலாம். 2011 குடிமதிப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 84 லட்சம் பேர், வார்டுகள் 198. 2022-இல் அவை 243 ஆக வகுக்கப்பட்டன. மறு ஆண்டே 225 ஆயின. 2025-இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து, மொத்தம் 369 வார்டுகள் ஆயின. மூன்று முறை கோடு கிழித்தபோதும் கையிலிருந்தது 2011-ஆம் ஆண்டின் கணக்கே. அதன் பின்னர் குடியேறியவர் எவரும் அக்கோடுகளை ஓர் அங்குலமும் அசைக்கவில்லை.

இதற்கிடையே, 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போயிற்று. எல்லை வகுப்பதைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2006-லேயே கூறியிருந்தது. தமிழ்நாட்டைக் காட்டிப் பெருமை கொள்ளவும் நமக்கு வழியில்லை: அங்கே 2016-இல் காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது!

எண்ணிக்கை மாறினால் அதிகாரம் எவ்வாறு இடம் மாறும் என்பதற்குச் சென்னை நல்ல சான்று. 2011-இல் அந்நகரின் எல்லை விரிந்தபோது வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. ஆனால் பழைய நகரத்துக்குக் கிடைத்தவை 107 மட்டுமே; எஞ்சிய 93 வார்டுகள் அம்பத்தூர், ஆலந்தூர் போன்ற புதிய பகுதிகளுக்குச் சென்றன.

பெங்களூரில் ஐந்து மாநகராட்சிகள் அமைந்தபோது சந்தாபுரா அவற்றில் சேரவில்லை. தனிப் புரசபையாகவே நின்றது. 2021 டிசம்பர் 27-இல் அங்கே தேர்தல் நடந்தபோதும் பத்தாண்டுக்கு முந்திய குடிமதிப்பே சட்டம் ஏற்கும் கணக்காக இருந்தது. ஒரு வார்டில் ஏட்டின்படி 2,000 பேர், உண்மையில் 4,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4,000 பேருக்கும் ஓர் அங்கத்தினர்தான். சாக்கடைக்கும் குழாய்க்கும் வாதாட ஒரு குரல்தான்.

ஆதலால் கணக்கெடுப்பவர் வரும்போது, "ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். குடிமதிப்பு கேட்பது வழக்கமாக வசிக்கும் இடத்தை. வாடகை வீடாயினும் வேலைக் கொட்டகையாயினும் எண்ணப்பட உரிமை உண்டு. தாய்மொழி தமிழ் என்று தாராளமாகச் சொல்லலாம். ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கும் இளைஞர்கள்தாம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர்கள். பகலில் அறை பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரரோ தம் குடும்பத்தை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அத்தகையோர் தம் பெயர் விவரங்களை எழுதி வீட்டுக்காரரிடம் முன்னதாகவே கொடுத்து வைத்தல் நலம்.

இன்னும் ஓர் ஐயம் பலரை வாய் திறவாமல் வைத்திருக்கிறது. இங்கே எண்ணப்பட்டால் ஊரில் உள்ள வாக்கு போய்விடுமோ என்பது அது. போகாது. குடிமதிப்பு வேறு, வாக்காளர் ஜாபிதா வேறு. ஜாபிதாவில் ஒருவர் ஒரு தொகுதியில்தான் பதிவு பெறலாம். ஊரிலிருந்து இங்கே மாற்றிக்கொள்ள விரும்புவோர் 8-ஆம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும். மாற்றினால் ஊர்ப் பஞ்சாயத்தில் வாக்கில்லை. தாய் தந்தையரையும் நிலத்தையும் அங்கே வைத்திருப்பவருக்கு அது சிறிய இழப்பன்று. அவரவரே எண்ணித் தீர்மானிக்க வேண்டிய காரியம்.

புதிய குடிமதிப்பின்மேல் வார்டு வரைவு வெளியாகும்போது ஆட்சேபங்களுக்குத் தவணை தரப்படும். 2022-இல் பெங்களூரில் தந்தது பதினைந்தே நாள். அறிவிப்பு கன்னடத்தில் இருக்கும். வடக்கே இன்ன தெரு, கிழக்கே இன்ன கால்வாய் என்று எல்லைகள் சொல்லப்பட்டிருக்கும். கன்னடம் படிக்கத் தெரியாதவர், பள்ளியில் அதைக் கற்கும் தம் பிள்ளையைக் கொண்டே படித்துக் கேட்கலாம். உங்கள் தெரு எந்த வார்டில் விழுகிறது, அதன் இரு சிறகும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்து, குறையிருப்பின் தவணை முடியுமுன் எழுதிக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.