ஏணி நம் கையில் இருக்கட்டும்!

(ஒடுகத்தூரில் நடைபெற்ற இளைஞர், வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"கட்சிகள் எப்படி நடக்க வேண்டுமென்று அரசியல் சட்டத்தில் விதி இருக்கிறதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது அதில் அப்படி எந்த விதியும் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமையை 19-வது பிரிவு தந்தது, அவ்வளவுதான். 1985-இல் 52-வது திருத்தத்தின் மூலம் பத்தாவது அட்டவணை வந்தது. அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். 1989-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29-ஏ பிரிவு வந்தது. பதிவு பெற விரும்பும் கட்சி, அரசியல் சட்டத்திற்கும் மதச்சார்பின்மைக்கும் ஜனநாயகத்திற்கும் கட்டுப்படுவதாகத் தன் சட்டவிதியிலேயே எழுதித் தர வேண்டும்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? உங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஆட்டின் முதுகில் அடுத்தவர் அடையாளத்தைப் போட்டு ஓட்டி வந்தால், அது யாருடைய ஆடு? அடையாளம் யாருடையதோ, அவருடையது!

தேர்தல் சின்னமும் அப்படித்தான். 2004-இல் நம் வேலூர் தொகுதியில் பேராசிரியர் காதர் மொகிதீன் வென்றார். அவர் முஸ்லிம் லீக் தலைவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நின்றது உதயசூரியனில். மக்களவை ஏட்டில் அவர் தி.மு.க. உறுப்பினர். எந்தக் கட்சி வேட்பாளராக நிறுத்தியதோ, அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே பத்தாவது அட்டவணை ஒருவரைக் கருதுகிறது. அதன் கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிபோகலாம்.

2025-இல் நடந்ததையும் பாருங்கள். ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்கவில்லை என்று கூறித் தேர்தல் ஆணையம் நூற்றுக்கணக்கான கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. மனிதநேய மக்கள் கட்சியும் அதில் ஒன்று. 2021-இல் பாபநாசத்திலும் மணப்பாறையிலும் வென்ற கட்சி அது, வென்றது உதயசூரியனில். சட்டமன்றத்தில் ஆள் இருந்தார்கள்; ஆணையத்தின் ஏட்டில் கட்சி இல்லை! சில காரணங்களுக்காக அன்றிப் பதிவை ரத்து செய்ய ஆணையத்திற்கு அதிகாரம் இல்லையென்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்து வழக்காடலாம். வழக்காடும் நிலைக்கு நாம் ஏன் போக வேண்டும்?

"பெரிய கட்சியின் சின்னமென்றால் வெற்றி சுலபம்" என்பார்கள். உண்மைதான். 2021-இல் பக்கத்து வாணியம்பாடி உட்பட மூன்று இடங்களில் ஏணியில் நின்று தோற்றோம். ஆனால் கட்சி இருந்தது. 2019-லும் 2024-லும் இராமநாதபுரத்தில் அதே ஏணியில் நவாஸ் கனி வென்றார். கூட்டணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டாளியாக இருப்போம்; கூட்டாளியின் பெயரில் கடை நடத்த வேண்டாம்.

இளைஞர்களே, உறுப்பினர் பட்டியலைச் சரியாக வைத்திருங்கள். உட்கட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். வணிகர்களே, நன்கொடைக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையைக் கட்சி ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். கடைக் கணக்கை அன்றன்றே எழுதும் நீங்கள், சமுதாயத்தின் கணக்கை மட்டும் ஏன் மறக்கிறீர்கள்?

1948-இல் காயிதே மில்லத் சென்னையில் ஏற்றிவைத்த விளக்கு இது. எண்ணெய் ஊற்றுவது நம் பொறுப்பு. அல்லாஹ் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.