சாயம் சொல்லும் சாட்சி
(காணிப்பாக்கத்தில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



சித்தூரை அடுத்த இக்காணிப்பாக்கத்தில், வரசித்தி விநாயகர் சன்னிதியில் சத்தியம் செய்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்வது நெடுநாளைய மரபு. ஆனால் எவரும் சத்தியம் செய்து தீர்க்க இயலாத வழக்கு ஒன்று உண்டு. தெருநாய் ஒன்று நால்வரைக் கடித்துவிட்டு மறுநாள் மடிகிறது. அதற்கு வெறிநோய் இருந்ததா? இவ்வினாவுக்குச் சாட்சியம் அளிப்பது ஓர் ஒளிரும் சாயம்.

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை ஏற்று வேறு நிற ஒளியை உமிழும் இயல்புடையவை. 1871-இல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் அடால்ஃப் வான் பேயர் ஆக்கிய ஃபுளோரசீன் அத்தகைய சாயம். நீல ஒளி பட்டால் அது பசுமையாக ஒளிரும். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் ஆல்பர்ட் கூன்ஸ் இச்சாயத்தை எதிர்ப்பொருளுடன் பிணைத்தார். எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைத் தேடிப் பற்றுவது. அது வழிகாட்ட, சாயம் விளக்கேந்தி நிற்கிறது. பசுமை தெரியும் இடத்தில் அப்புரதம் இருக்கிறது என்று அறியலாம்.

வெறிநோயைக் கண்டறிய இம்முறை 1958-இல் கையாளப்பட்டது. அதற்கு முன், 1903-இல் நெக்ரி கண்ட நுண்துகள்களையே மூளைத் திசுவில் தேடி வந்தனர். நோய் இருந்தும் அவை புலப்படாத நேர்வுகள் பல. இன்றோ, இறந்த விலங்கின் மூளைத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் நிலைப்படுத்திச் சாயமேற்றிய எதிர்ப்பொருளை இடுகிறார்கள். பின்னர் கழுவி, அதற்கென அமைந்த நுண்ணோக்கியில் காண்கிறார்கள். வைரஸின் புரதம் இருப்பின், இருண்ட பின்னணியில் பச்சைப் புள்ளிகள் மின்னும். சில மணி நேரத்தில் முடிவு கிடைத்துவிடும்.

ஆயினும் சாட்சி நீதிமன்றம் வந்து சேர வேண்டுமல்லவா? நம் பகுதியின் கோடை வெயிலில் திசு விரைவில் அழுகிவிடும். அழுகிய திசுவைக் கொண்டு உறுதியாக எதுவும் கூற இயலாது. பெரும்பாலும் நாயைப் புதைத்துவிட்ட பிறகே செய்தி அலுவலகத்தை எட்டுகிறது. ஆகவே உடனடித் தகவல், தடுப்பூசி போட்டுக்கொண்ட பயிற்சி பெற்ற பணியாளர், பனிக்கட்டி இட்ட பெட்டி, ஆய்வகம் வரை ஒரு வாகனம் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, கிராமத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலுள்ள வழியே சீர்பெற வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கடிபட்டவர் ஆய்வின் முடிவுக்காக ஒருபோதும் காத்திருத்தல் ஆகாது. காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. தென்னாட்டில் நாய்க்கடிக்குச் சிகிச்சை அளிக்கவே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. அன்று நெடுந்தொலைவு சென்று பெற்ற மருந்து இன்று அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

அப்படியாயின் ஆய்வு எதற்கு? அதே நாய் கடித்த, காயத்தைப் பொருட்படுத்தாத பிறரைத் தேடிக் காப்பதற்கு. எந்த ஊர் நாய்களுக்கு முதலில் தடுப்பூசி இடுவது என்று முடிவு செய்வதற்கு. நாய்கள்வழிப் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021-இல் வெளியிடப்பட்டது. நோய் எங்கே உள்ளது என்று அறியாமல் அதை ஒழிக்க இயலாது. அந்தப் பச்சை ஒளியை ஆய்வகத்தார் காண்பார்கள். அதற்குரிய திசுவை உரிய நேரத்தில் அவர்களிடம் சேர்ப்பது நம் கடமை.