காட்டை அழித்தது யார்?

(சிறுவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று பாடம் சொல்லித்தரும் தொண்டர்களுக்காகப் பிச்சாவரத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை.)



ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகளையும் விவசாயக் கூலியின் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நீங்கள் இந்த அலையாத்திக் காட்டுக்குள் போகப் போகிறீர்கள். பருவநிலை ஏன் மாறுகிறது என்று அவர்களுக்கு விளக்கப் போகிறீர்கள். அதற்கு மரங்களின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு கேள்விக்கு நேர்மையான பதிலும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் காட்டின் ஒரு பெரும்பகுதி ஏன் பட்டுப்போயிற்று?

"ஏழைகள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், காடு அழிந்தது" என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். எவ்வளவு சுலபமான பதில்! ஆனால் விஞ்ஞானிகள் சேற்றில் இறங்கி ஆராய்ந்தபோது கண்டது வேறு. வெள்ளையர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்திற்குப் பின்னும் பல ஆண்டுகள், சர்க்காரே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டி விற்றது. மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேறு வற்றிச் சுருங்கி, தரை தொட்டிபோல் பள்ளமாயிற்று. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சியது. அதில் எந்தக் கன்று பிழைக்கும்?

நோய் தெரிந்ததும் மருந்தும் கிடைத்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம ஜனங்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்கியது, உப்பு கழுவப்பட்டது, நட்ட கன்றுகள் மரமாயின. விறகு சுமந்த பெண்ணின் மேல் பழி போட்டுக்கொண்டே இருந்திருந்தால் இந்த வாய்க்கால் வந்திருக்குமா? இல்லை. பழியைத் தவறான தலையில் வைத்தால் பரிகாரமும் தவறாகவே போகும்.

உலகம் முழுவதற்கும் இதே கதைதான். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் கரியமில வாயு பெருகுகிறது. கம்பளி போர்த்தியவனின் உடற்சூடு வெளியே போகாததுபோல, பூமியின் வெப்பத்தை இந்த வாயு தடுத்து வைக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. "மனிதர்கள் கெடுத்தார்கள்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவரும் சொந்த விமானத்தில் பறக்கிறவரும் இதில் சமமா? பிள்ளைகளே கணக்குப் போடட்டும்!

பாடத்தைக் கையில் கொடுங்கள். வெண்கண்டல் இலையை நாவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். மரம் உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் வேர்களைக் காட்டுங்கள். மரம் அவற்றால் மூச்சு விடுகிறது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் விழுந்த இலையும் வேரும் மெதுவாகவே மக்குகின்றன. ஆகவே கரி மண்ணிலேயே தங்குகிறது. காடு அழிந்தால் அது மீண்டும் வானத்துக்குப் போகும். ஆனால் தில்லை மரத்தின் அருகே கவனம்! அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே அபாயம்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைந்ததற்குக் காட்டோடு, கரையிலிருந்து இருந்த தூரமும் தரையின் மேடும் காரணங்களே. அரை உண்மை சொன்ன ஆசிரியரின் முழு உண்மையையும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அடுத்து, வெயில். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராவிட்டால் உடல் குளிராது. நூல் அறாமலிருக்க ஈரம் ஏற்றிய நூற்புக் கூடத்தில் நிற்கும் தோழருக்கும், மதியத்தில் களையெடுக்கும் சகோதரிக்கும் இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே காலையிலேயே வகுப்பை முடியுங்கள். தண்ணீரும் நிழலும் இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். யாருக்காவது பேச்சுக் குளறினால், தள்ளாடினால், உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

2024-ல் தமிழக சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்லது. ஆனால் நிவாரணம் செத்த பிறகு வருகிறது. நிழல், குடிநீர், மதிய ஓய்வு ஆகியவை உயிரோடு இருக்கும்போதே வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பாதுகாப்பு வயலில் நிற்கும் அதன் தாய்க்கும் உரிமை என்பதையும் அந்தப் பிள்ளை அறியட்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு இந்த நீரின் ஏற்ற இறக்கம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களைப் படகு தள்ள மட்டும் கூப்பிடாதீர்கள். ஆசிரியராக உட்கார வையுங்கள். அன்றைய கூலியை இழக்காமல் கொடுங்கள். முதலில் அவர்களிடம் கற்போம்; பிறகு பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்!