கண்மாய்க் கரையும் கணினி நிரலும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம்பார்த்த பூமியில் பல கண்மாய்களை வெட்டியவர் பெயர் எவர்க்கும் தெரியாது. ஆயினும் அவை நின்றன. மடை திறப்பவர், வரத்துக்காலில் தூர் எடுப்பவர், கரையில் நண்டு துளைத்த வளையை அடைப்பவர் என ஆள் மாறி ஆள் வந்ததே காரணம். குண்டாற்றில் நீர் வருவது ஆண்டில் சில நாட்களே. அன்று கால் தூர்ந்து கிடந்தால் அவ்வாண்டு வெறுங்கண்மாய்தான். குடிமராமத்து எனப்பெற்ற இவ்வழக்கத்திற்கு 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் வலுவும் சேர்த்தது.

கட்டற்ற மென்பொருளும் இத்தகைய பொதுச்சொத்தே. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் பயன்கொள்வோர் கோடிக்கணக்கினர், பேணுவோர் சிலர். 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை வெளிப்பட்டபோது, உலகின் இணைய வணிகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு முழுநேரப் பணியாளர் ஒருவரே இருந்தார் என்பது தெரியவந்தது. 2024இல் நேர்ந்தது இதனினும் கொடிது. ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு மென்பொருளைப் பல்லாண்டு தனியே பேணிச் சோர்ந்திருந்தவரிடம், உதவிக்கு வந்தவர்போல் ஒருவர் புகுந்து, நம்பிக்கை பெற்று, கள்ளவாயில் வைத்தார். புகுபதிவில் அரைநொடித் தாமதம் ஏன் என்று ஐயுற்ற பொறியாளர் ஒருவரால் அது பிடிபட்டது. கரையின் நண்டு வளையைக் கண்ணால் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

தமிழில் இத்தகைய தன்னார்வ முயற்சிக்கு மூத்த சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றொருவர் மெய்ப்புப் பார்க்க, பழந்தமிழ் நூல்கள் கணினியேறின. பணி அத்துடன் முடிந்ததா? எழுத்துருவின் குறியேற்றம் மாறியது. முதலில் தனி எழுத்துருக்கள், பின் தகுதரம், அதன்பின் ஒருங்குறி. ஏற்றி வைத்த நூல்களையே மீண்டும் மாற்றி வைக்க வேண்டியதாயிற்று. புதுநூல் ஏற்றுவோர்க்குக் கிடைக்கும் பெயர் இவ்வேலைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இவ்வேலை நின்றிருந்தால் அந்நூல்களைப் புதிய கணினிகளில் படிக்க இயலாது போயிருக்கும்.

இங்குதான் கவிஞர்க்கு வேலை உண்டு. நிரல் எழுதத் தெரிந்தவரே இப்பணிக்கு உரியர் என்பது தவறான எண்ணம். வெண்பாவில் ஓரெழுத்து விடுபட்டால் தளை தட்டும். ‘ல’கரம் ‘ள’கரமானால் எதுகை பிசகும். இயந்திரம் தவறவிடும் பிழையை யாப்பறிந்த செவி பிடித்துவிடும். மென்பொருளின் திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்குவதும் அத்தகையதே. ‘கோப்பு’, ‘சேமி’ என்னும் சொற்கள் இன்று இயல்பாகத் தோன்றுகின்றன. இன்னும் முரடாகக் கிடக்கும் சொற்களோ பல.

புதியவரை ஈர்ப்பதற்கு விளம்பரம் பெரிதும் உதவாது. முழுக் காப்பியத்தைத் தலையில் ஏற்றினால் வந்தவர் ஓடிவிடுவர். நான்கு பக்கம் தந்தால் முடித்துவிட்டு ஐந்தாவதைக் கேட்பர். (இலக்கிய வட்டங்களில் செயலாளர் பொறுப்பை எவரும் ஏற்காததன் காரணமும் இதுவேயோ?) அதனினும் முதன்மையானது மறுமொழி. திருச்சுழியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினால், அவ்வாரமே அது ஏற்கப்பட வேண்டும். ஏற்காவிடில் காரணம் சொல்லப்பட வேண்டும். ஆறு திங்கள் கழித்து நன்றி வந்து சேரும்போது அவர் வேறு பணிக்குப் போயிருப்பார்.