விழா முடிந்த மறுநாள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிப் பேசின் பிரிட்ஜில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்ட்ரலை நோக்கி வரும் இரயில்கள் பல, பேசின் பிரிட்ஜை அடைந்ததும் சற்றே நின்றுவிடும். உள்ளே நடைமேடை ஒழிய வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். பெட்டியில் இருப்பவர்கள் ஊர் வந்துவிட்டதென்று மூட்டை முடிச்சுகளோடு வாசலில் நிற்பார்கள். ஆனால் ஊர் இன்னும் வந்திருக்காது. அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் கண்ணில் படுவதுதான் வடசென்னை. கறுத்த கால்வாய், தண்டவாளத்தை ஒட்டிய வீடுகள், கயிற்றுக் கொடியில் காயும் கைலிகள், கிடைத்த இடத்தில் பந்தடிக்கும் சிறுவர்கள். சென்னைக்கு வருவோர் எல்லாரும் பார்த்துவிட்டு, எவரும் இறங்காமல் போகும் இடம் இது. இத்தகைய இடத்தில் நின்று மரபையும் ஓய்வையும் பற்றிப் பேசுவது பொருத்தமே.

மரபு விழா என்றவுடன் உலகில் பலர்க்கும் நினைவுக்கு வருவது ஸ்காட்லாந்து. அந்நாட்டு மலைப்பகுதியில் பிரேமர் என்றோர் ஊர். ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் முதற் சனிக்கிழமை அங்கே மக்கள் கூடுகிறார்கள். முழு மரத்தூணைத் தூக்கி எறிகிறார்கள், கல் எறிகிறார்கள், வடம் இழுக்கிறார்கள், மலையேறி ஓடுகிறார்கள். பைக்குழல் இசை முழங்க, கட்டம் போட்ட பாவாடை அணிந்த ஆடவர் அணிவகுத்துச் செல்கிறார்கள். 1848ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் அக்கூட்டத்திற்கு வருகை தந்தது முதல் அரச குடும்பத்தார் அங்கு வருவது வழக்கமாயிற்று.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அக்காட்சிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1746ஆம் ஆண்டு கல்லோடன் போரில் மலைநாட்டார் தோற்றனர். அவ்வாண்டே அவர்தம் உடைக்குத் தடை விதிக்கும் சட்டம் பிறந்தது. ஆங்கில அரசின் படையில் சேர்ந்தவர்க்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அத்தடை நீங்கிற்று. அதற்கு முன்னும் பின்னுமாக நிலக்கிழார்கள் ஆட்டுப்பண்ணை வைப்பதற்காகக் குடியானவர்களை ஊரைவிட்டே அகற்றினர்; எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறிக் கடல் கடந்தன. 1822ஆம் ஆண்டு நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அமைத்துக் கொடுத்த வரவேற்பில், அதே மலைநாட்டு உடையை மன்னரே உடுத்திக்கொண்டு நின்றார். ஏழை உடுத்தியபோது குற்றமாயிருந்த துணி, மன்னர் உடுத்தியபோது மரபாயிற்று. அந்நேரத்திலும் மலைகளில் குடியானவர் வெளியேற்றம் நின்றபாடில்லை.

இதனால் அந்த விழாவை இகழ வேண்டியதில்லை. அங்கே கூடுகிறவர்களின் மகிழ்ச்சி மெய்யானது. ஆயினும் ஓர் உண்மை இதிலிருந்து விளங்குகிறது. அன்றாட வாழ்வு அழியத் தொடங்கும் இடத்தில்தான் பல வேளைகளில் மரபு விழா பிறக்கிறது. ஆகவே விழா எவ்வளவு சிறப்பாக நடந்தது என்று கேட்பதோடு, விழா முடிந்த மறுநாள் அங்குள்ளோர் எப்படிப் பொழுது கழிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

சென்னைக்கும் அப்படியொரு விழா உண்டு. 1639ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கு இக்கடற்கரையில் நிலம் வழங்கப்பட்டதை நினைவுகூர்ந்து, 2004ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு 22ஆம் நாள் சென்னை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு நாளாகத் தொடங்கியது பின்பு ஒரு வாரமாயிற்று. அதனை முன்னின்று தொடங்கியவர்களுள் ஒருவர், 2019இல் மறைந்த வரலாற்றாசிரியர் எஸ். முத்தையா. அவ்வாரத்தில் உரைகள், படக்காட்சிகள், மரபு நடைப்பயணங்கள் நடைபெறுகின்றன. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தின் தூண்களுக்கு முன்னே ஆர்வலர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அங்கிருந்துதான் ஆற்காட்டுப் பகுதிக்குப் புறப்பட்டது. நடைப்பயணம் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபின், அந்த நிலையத்துக்கு அருகில் வாழ்பவர்களின் பொழுது அங்கேயே தொடர்கிறது.

ஸ்காட்லாந்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஓர் உறவு உண்டு. இங்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் முதற் பகுதியை வெட்டுவித்தவர் பேசில் கோக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். டண்டொனால்டு பிரபுவின் மைந்தர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஏறக்குறைய 11 மைல் நீளமுள்ள அக்கால்வாய் 1806இல் நிறைவுற்று, நெடுநாள் அவர் பெயராலேயே வழங்கிற்று. நகரத்து அடுப்புகளுக்கு விறகு அதன் வழியே படகில் வந்தது. கோக்ரேன் ஊர் திரும்பியபின் இலண்டனில் தம் மாளிகையில் நீராவிக் குளியலகம் ஒன்றை அமைத்தார். அங்கே பணிபுரிந்தவர் பாட்னாவைச் சேர்ந்த தீன் மகமது. அவரே பின்பு 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் திறந்து பெயர் பெற்றவர். கால்வாயில் படகைத் தள்ளியவரின் வியர்வையும் குளியலகத்தில் கனவான் சிந்திய வியர்வையும் ஒரே செல்வத்தின் இருமுனைகள் எனலாம். அக்காலத்து எண்ணூரோ ஐரோப்பியர் வார இறுதியில் படகோட்டவும் மீனுண்ணவும் சென்று தங்கும் இன்பத்துறையாக இருந்தது. வார இறுதி என்னும் பொருள் அன்றே வடசென்னைக்கு வந்துவிட்டது. ஆனால் அது வடசென்னை மக்களுக்கு உரியதாக இல்லை.

அவர்கள் தமக்குரிய ஓய்வைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் இயங்கிய காலம். ஆலையை நடத்திய பின்னி நிறுவனமும் ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரைத் தாங்கியதே. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலையில் ஆடவர்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று எல்லை வகுத்திருந்தது. நண்பகல் உணவுக்கு விடப்பட்ட இடைவேளையோ, வெளியே வந்து உண்டு திரும்பப் போதாத அளவினது. அந்நாளில் பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு சபை இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் நடத்தி வந்த அச்சபையில் சமயச் சொற்பொழிவுகள் நடைபெறும். தொழிலாளர்கள் ஓய்வு வேளையில் வந்து அமர்ந்து கேட்பார்கள். அங்கே பேச வந்தவர்களுள் ஒருவர் திரு.வி.க. சொற்பொழிவு கேட்கக் கூடிய அக்கூட்டத்திலிருந்தே, 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. பி.பி. வாடியா அதன் தலைவரானார். உணவு இடைவேளையை நீட்டித் தர வேண்டும் என்பது அதன் முதற் கோரிக்கைகளுள் ஒன்று.

இலக்கிய அன்பர்கள் இதனை மனத்தில் நிறுத்துவது நன்று. இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று, மாலை நேரத்தில் தமிழ்ச் சொற்பொழிவு கேட்பதற்காகக் கூடிய ஒரு சபையில் எழுதப்பட்டது. கேட்பதற்குச் சிறிது நேரம் வாய்த்ததால் அவர்கள் சிந்தித்தார்கள். சிந்தித்ததால் மேலும் நேரம் கேட்டார்கள். 1922இல் வாரத்துக்கு 60 மணி நேரம் என்றும், 1946இல் 48 மணி நேரம் என்றும் வேலை எல்லை சுருங்கிற்று. 1923 மே முதல் நாளன்று மீனவர் குடியில் பிறந்த சிங்காரவேலர் இந்தச் சென்னையிலேதான் நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார். எல்லாம் முடிந்த கதை என்று எண்ணுவதற்கில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் ஒன்று 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எதிர்ப்பு எழவே, அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் மாலைப்பொழுது காவல் வேண்டி நிற்கிறது.

அந்த மாலைப்பொழுதைக் கொண்டு இம்மக்கள் என்ன செய்தார்கள்? தெருவிளக்கின் கீழ்ப் பலகையை வைத்துக் கேரம் ஆடினார்கள். வியாசர்பாடியிலிருந்து புறப்பட்ட இளவழகி 2008இல் உலக வாகை சூடினார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடியில் பந்தாடிப் பழகிய தனபால் கணேஷ் இந்திய அணியின் உடையை அணிந்தார். ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை என்று சுவரொட்டி ஒட்டி, பரம்பரை பரம்பரையாக மோதிக்கொண்ட ஆட்டத்தை 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் உலகறியச் செய்தது. இவையன்றி, இறந்தவர் வீட்டு வாசலில் இரவெல்லாம் விழித்திருந்து பாடும் கானா இருக்கிறது. துக்கத்திலும் பொழுதைக் கழிக்க ஒரு கலை கண்டவர்கள் இவர்கள்.

இவற்றுக்கு யாரும் மரபு விழா எடுக்கவில்லை, இவை அன்றாடம். வேலை முடிந்து வந்தவன் முழுக்காற்சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டம் போட்ட கைலிக்கு மாறும்போது அவனுடைய ஓய்வு தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கட்டத்துணி அணிவகுப்புக்கு உரியதாயிற்று. வண்ணாரப்பேட்டையின் கட்டத்துணி இன்னும் திண்ணைக்கே உரியதாயிருக்கிறது. அதுவே அதன் பெருமை. 'பட்டினப்பாலை' கற்றவர்க்கு இக்காட்சி புதிதன்று. முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாத பரதவர் உண்டு களித்ததையும், மணற்பரப்பில் கூடிக் கையால் மோதி வலிமை காட்டியதையும், ஆட்டுக்கிடாய்ச் சண்டை கண்டு மகிழ்ந்ததையும் உருத்திரங்கண்ணனார் பாடினார். வணிகச் சிறப்பை மட்டும் பாடி நிறுத்தாமல், உழைப்பவரின் விடுமுறை நாளையும் பாட்டுக்குள் கொண்டுவந்தது அப்புலவரின் பெருங்குணம்.

ஆனால் அந்த மணற்பரப்பு இன்று எங்கே? இங்கேதான் செய்தி கசக்கிறது. இக்கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1876இல் துறைமுக வேலை தொடங்கி, கடலுக்குள் சுவர் நீண்டபின் அம்மணல் தெற்கே தேங்கிற்று. வடக்கே வந்து சேரவில்லை. தேங்கிய இடத்தில் கரை அகன்றது. 1880களில் ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் அதனருகே உலாவும் சாலை அமைத்து, மெரினா என்று பெயரிட்டார். அவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவரே. மணல் வராத வடக்கே, இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது, தெருக்கள் அழிந்தன, இப்போது கருங்கல் கொட்டி அலையைத் தடுக்கிறார்கள். நகரமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சுண்டல் தின்றவாறு அமரும் மணலில், வடசென்னைக் குழந்தைகளுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய மணலும் கலந்திருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்தன. அன்று ஐரோப்பியர் படகோட்டி மகிழ்ந்த நீரில் இன்று மீனவர் கால் வைக்கத் தயங்குகிறார்.

இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது 'மணிமேகலை'. வடசென்னையின் கரையைக் கடல் கொண்டது விழாவை மறந்ததால் அன்று. மக்களின் அன்றாடத்தைக் கணக்கில் கொள்ள மறந்ததால். ஆகையால் ஆகஸ்டுத் திங்களில் விழா எடுப்பவர்கள் பழைய கட்டடத்தோடு பந்தாடும் திடலையும், கேரம் பலகை வைக்கும் தெருமுனையையும், எஞ்சியிருக்கும் கரையையும் மரபென்று எழுதிக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசினால் போதும். திடல் ஒருமுறை போய்விட்டால் திரும்ப வருவதில்லை.

கவிஞர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இளங்கோவடிகள் இந்திர விழாவை விரிவாகப் பாடினார். எனினும் காப்பியம் திரும்பும் இடம் விழாவில் இல்லை. விழா நிறைவுற்றபின் கடலாடச் சென்ற இருவர் மணலில் அமர்ந்து பாடிய பாட்டிலேதான் கோவலனும் மாதவியும் பிரிந்தார்கள். பெருங்கூத்து அடங்கியபின் வரும் சிறுபொழுதில் மனித வாழ்வு தன் உண்மையைக் காட்டுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பத்தாண்டு கண்ட இந்த வட்டமும் ஓய்வு வேளையால் ஆனதே. வேலை முடித்து வந்தவர்கள், வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய மாலைகளைத் தந்து கட்டியது இது. இன்று விழா, மாலையும் மேடையும் ஒலிபெருக்கியும் உண்டு. நாளை அவை இரா. வழக்கமான கிழமையில், வழக்கமான சிலர் வந்து அமர்ந்து ஒரு கவிதையைப் படிப்பார்கள். வெளியே சென்ட்ரலுக்குள் போக வழி கிடைக்காத இரயில் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அந்த எளிய மாலை தொடருமானால், பத்தாண்டு விழா தன் பயனைப் பெற்றதாகும்.